டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை: ஒரு டியூஷன் டீச்சருக்குப் பதில்

மும்பை தாராவியில், 90 அடி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு டியூஷன் டீச்சர் கேட்ட கேள்வி இது. மாலையில் தன் கோலியிலேயே, அதாவது ஒற்றை அறை வீட்டிலேயே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குப் பாடம் எடுக்கிறார். எல்லோருக்கும் பெரிதாகத் தெரியட்டும் என்று 43 இன்ச் ஃபோர்-கே டிவி ஒன்றைத் தவணையில் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டார். கம்ப்யூட்டர் பழையது, அசெம்பிள் செய்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்த விஜிஏ கன்வெர்ட்டரை, அதாவது பழைய கம்ப்யூட்டரின் படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டியை, மாட்டியிருக்கிறார். படம் வருகிறது. சத்தம் இல்லை. எழுத்து, அதிலும் சிவப்பு எழுத்து, கலங்கலாக இருக்கிறது. திரையின் அடியில் டாஸ்க்பார் பாதி காணோம். "கம்ப்யூட்டரையே மாத்தணுமாண்ணே?" என்று முடித்திருக்கிறார். கூடவே சிபியுவின் பின்பக்கத்தை ஒரு போட்டோ.

மாற்ற வேண்டாம் டீச்சர். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் நாலு பேட்ச் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு தாண்ட வைக்கும். நீங்கள் சொன்ன மூன்று குறைக்கும் மூன்று தனிக் காரணம். இரண்டு குறை பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே தீரும். ஒன்றுக்குத்தான் கடைக்குப் போக வேண்டும், அதுவும் சில நூறு ரூபாய்க் கேபிளுக்கு.

நீங்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அந்தப் போட்டோ. கடைக்குக் கிளம்பும் முன் சிபியுவின் முதுகையும் டிவியின் முதுகையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை. லாமிங்டன் ரோட்டுக் கவுன்ட்டரில் சனிக்கிழமைக் கூட்டத்தில் நின்று "டிவியோட கம்ப்யூட்டரைச் சேக்கணும்" என்றால், கடைக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: எச்டிஎம்ஐ இருக்கா? இன்றைய டிவிகள் படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிற போர்ட் அது. இல்லை என்றால் விஜிஏ கன்வெர்ட்டரை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். நானும் அந்தப் பக்கம் பல வருஷம் நின்றவன், அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது கேள்விக்கு அங்கே நேரமில்லை.

அவன் கேட்காத அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் போட்டோவிலேயே இருக்கிறது. நீல நிற விஜிஏவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக, அதைவிட அகலமாக ஒன்று தெரிகிறதா? பிளாஸ்டிக் மூடிகூட இன்னும் கழற்றவில்லை. அதுதான் டிவிஐ. பேரைப் பார்த்து டிவிக்கு உரியது என்று நினைக்க வேண்டாம், தமிழில் எழுதும்போது வந்து சேர்ந்த ஒற்றுமை அது. கம்ப்யூட்டர் மானிட்டருக்கென்று 1999-ல் வந்த போர்ட். இத்தனை வருஷமாக அது உங்கள் கோலியில் மூடியோடு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சத்தம் ஏன் வரவில்லை என்று பார்ப்போம். விஜிஏ என்பது 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த போர்ட். மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து பின். சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரு வரி எப்போது முடிகிறது, முழுப்படம் எப்போது முடிகிறது என்று சொல்ல இரண்டு. மீதி எர்த்தும், எந்த மானிட்டர் மாட்டியிருக்கிறது என்று விசாரிக்கும் கம்பிகளும். சத்தத்துக்கென்று ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆகவே உங்களுக்குச் சத்தம் வராதது பழுதே இல்லை. அந்த வண்டியில் சத்தம் ஏறவே இல்லை.

இன்றைக்கு மாலை வகுப்புக்குள் சத்தம் வேண்டுமென்றால், கன்வெர்ட்டரைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஓரத்தில் இயர்போன் சொருகுகிற அளவில் ஒரு துளை இருக்கும். கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை வளையம் போட்ட துளை ஒன்று இருக்கிறது, உங்கள் ஸ்பீக்கர் இப்போது அதில்தான் இருக்கும். ஸ்பீக்கரை உருவிவிட்டு, இரண்டு பக்கமும் இயர்போன் முனை உள்ள ஆக்ஸ் கேபிளைப் பச்சைத் துளையிலிருந்து கன்வெர்ட்டருக்குச் சொருகுங்கள். கன்வெர்ட்டருக்கு யுஎஸ்பி வால் இருந்தால் அதையும் சிபியுவில் சொருகுங்கள், அதற்குக் கரண்டு வேண்டும். அவ்வளவுதான், டிவி பேசும். ஒன்று கவனம்: இந்த வழியில் போகும்போது விண்டோஸின் சத்தப் பட்டியலில் டிவியின் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. விண்டோஸைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பழைய ஸ்பீக்கரில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இது சமாளிப்பு. சரியான வழி டிவிஐதான். ஒரு முனை டிவிஐ, மறுமுனை எச்டிஎம்ஐ என்று ஒரே கேபிளாகக் கிடைக்கும். உள்ளே சிப் கிடையாது, கரண்டு வேண்டாம், வெறும் கம்பிதான். ஏனென்றால் 2002 கடைசியில் எச்டிஎம்ஐயை உருவாக்கியவர்கள் படம் அனுப்பும் முறையை டிவிஐயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் எண்ணாக அனுப்புவது டிவிக்கு எண்ணாகவே போய்ச் சேரும். விஜிஏவில் நடப்பது வேறு: எண்ணை மின்னழுத்தமாக்கி, கம்பியில் அனுப்பி, கன்வெர்ட்டர் அதை மறுபடி அளந்து எண்ணாக்கி டிவிக்குத் தருகிறது. அளப்பதில் மயிரிழை பிசகினாலும் எழுத்தின் ஓரம் நிழலடிக்கும். உங்கள் கலங்கலில் பாதி இங்கிருந்து வருவது, மீதியைப் பிறகு பார்ப்போம்.

படம் அதே முறை என்றால் சத்தம் எங்கே கூடியது? எனக்குப் பிடித்த விஷயம் இது, ஒரு நிமிஷம் பொறுங்கள். பழைய குழாய் (பிக்சர் டியூப்) டிவியில் கதிர் ஒரு வரியை இடமிருந்து வலமாக வரைந்து முடித்து, அடுத்த வரிக்கு இடப்பக்கம் திரும்பி ஓடி வர வேண்டும். அந்த நேரத்துக்குப் படம் இருக்காது. குழாய் போய்விட்டது, இடைவெளி போகவில்லை. 1920-க்கு 1080 என்று நாம் சொல்கிற படம் கேபிளில் ஓடும்போது 2200-க்கு 1125 கட்டமாகத்தான் ஓடுகிறது. மீதியெல்லாம் காலி. டிவிஐ அந்தக் காலியைக் காலியாகவே விட்டது. எச்டிஎம்ஐ அதற்குள் சத்தத்தை வைத்து அனுப்பியது. காலையில் சர்ச்கேட்டிலிருந்து ஆளில்லாமல் விராருக்குத் திரும்புகிற லோக்கல் ரயிலில் சரக்கை ஏற்றியது போல. அதனால்தான் எச்டிஎம்ஐயில் சத்தத்துக்கென்று தனிக் கம்பி இல்லாமலே சத்தம் வருகிறது.

சில மதர்போர்டுகளும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் டிவிஐ போர்ட்டிலேயே சத்தத்தையும் சேர்த்து அனுப்பும். உங்களுடையது அனுப்புமா என்று கேபிளை மாட்டியதும் தெரிந்துவிடும். திரையின் கீழ் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, அங்கே வருகிற பட்டியலில் டிவியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேர்ந்தெடுங்கள், லாபம். இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம்.

ஏனென்றால், சத்தம் டிவியிலிருந்துதான் வர வேண்டுமா என்பதே என் கேள்வி. படமும் சத்தமும் ஒரே கேபிளில் போனால்தான் சரியான இணைப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வகுப்புக்கு அது அவசியமே இல்லை. இன்றைய மெல்லிய டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பீக்கர் அடியில், தரையைப் பார்த்து இருக்கிறது. நீங்கள் அதை ஐந்தடி உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். மேலே ஃபேன், வெளியே ரோட்டுச் சத்தம், கடைசி வரிசைப் பிள்ளைக்கு உச்சரிப்பு கேட்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற இரண்டு ஸ்பீக்கரையும் டிவிக்கு இரு பக்கமும், பிள்ளைகளின் காது உயரத்துக்கு வையுங்கள். பச்சைத் துளையிலிருந்து நீளமான ஆக்ஸ் கேபிள் போதும். டிவியை மியூட் செய்துவிடுங்கள். படம் ஒரு வழி, சத்தம் ஒரு வழி.

இப்படிப் பிரித்தால் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டிவி தன்னிடம் வரும் படத்தை உடனே காட்டாது. கூர்மை கூட்டி, நிறம் ஏற்றி, அசைவை வழுவழுப்பாக்கி, அப்புறம்தான் காட்டும். சத்தமோ ஸ்பீக்கருக்கு நேரே போய்விடும். பேசுகிறவர் வாய் திறக்கும் முன்பே குரல் வரும். மவுஸும் எண்ணெயில் நகர்வது போல இழுக்கும். மருந்து ரிமோட்டில் இருக்கிறது: பிக்சர் மெனுவில் கேம் மோடு. விளையாட்டுக்காக வைத்தது, ஆனால் அது செய்கிற வேலை இந்த அலங்காரத்தையெல்லாம் நிறுத்துவதுதான். போட்டவுடன் வாயும் குரலும் சேர்ந்துவிடும்.

அடுத்தது காணாமல் போன டாஸ்க்பார். இதற்கும் காரணம் குழாய் டிவிதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிவியிலும் படத்தின் ஓரம் கொஞ்சம் வளைந்தோ சுருங்கியோ இருக்கும், கரண்டு ஏற இறங்க மாறும். ஓரத்தின் அசிங்கம் தெரியக் கூடாது என்று படத்தை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக்கி, விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஒளிபரப்புகிறவர்களும் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்க மாட்டார்கள். சுவரில் தொங்குகிற இந்தத் தட்டை டிவிக்கு அந்தத் தேவையே இல்லை, ஆனாலும் பல டிவிகள் பழக்க தோஷத்தில் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுகின்றன. சினிமாவில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் வெட்டுப்படுவது டாஸ்க்பாரும், ஜன்னலை மூடுகிற எக்ஸ் குறியும்.

இதைக் கம்ப்யூட்டர் பக்கம் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டிரைவர் செட்டிங்கில் படத்தைச் சுருக்க ஒரு வழி இருக்கும், பையன்கள் அதைத்தான் காட்டிக் கொடுப்பார்கள். அங்கே சுருக்கி, இங்கே டிவி மறுபடி பெருக்கி, இரண்டு தடவை சலித்த மாவு மாதிரி எழுத்து இன்னும் கெடும். டிவி ரிமோட்டை எடுங்கள். பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருக்கும். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் ஃபுல் பிக்சல், வேறு சிலவற்றில் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும். பெயர் எதுவானாலும் அர்த்தம் ஒன்று: வந்த படத்தை வெட்டாமல் காட்டு. எச்டிஎம்ஐயில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் திறங்கள். வேறு இன்புட்டில் இருந்து தேடினால் சில டிவிகளில் அந்த வரி மங்கலாகக் கிடக்கும், அழுத்தினாலும் நகராது.

சிவப்பு எழுத்துக் கலங்கல் கொஞ்சம் சூட்சுமமானது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது. இதை வைத்து டிவி உலகம் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தது: ஒவ்வொரு கட்டத்துக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள், நிறத்தை மட்டும் பக்கத்துக் கட்டங்களுக்குப் பொதுவாக வை. முகம், கடல், புடவைக்கு இது போதும். கறுப்பு எழுத்துக்கும் பாதகமில்லை. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் அங்கே வித்தியாசமே நிறத்தில்தான், அதனால் அது மட்டும் பூசினது போல வழியும். கம்ப்யூட்டர் முழு நிறத்தையும் அனுப்பினாலும் டிவி தன் உள்ளே இப்படிச் சுருக்கிவிடும்.

சாம்சங், எல்ஜி டிவிகள் பலவற்றில் இதற்கு ஒரு ரகசியக் கதவு உண்டு. இன்புட் பட்டியலில் எச்டிஎம்ஐ 1 என்பதற்குப் பெயர் மாற்றும் வசதி இருக்கும்: செட்டாப் பாக்ஸ், கேம், பிசி என்று. பார்த்தால் வெறும் லேபிள் மாதிரி இருக்கும். பிசி என்று மாற்றிப் பாருங்கள். ஒரு நொடி திரை கறுத்துத் திரும்பும்போது சிவப்பு எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். ஓரம் வெட்டுவதும் அதோடு போய்விடுவது உண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் டிவி தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. கையோடு ஷார்ப்னஸைக் குறையுங்கள். கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அதைக் கூட்டி வைத்திருப்பார்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுவது அதனால்தான்.

தமிழ்ப் பாடம் எடுப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். இங்கிலீஷ் எழுத்து லேசாகக் கலங்கினாலும் படித்துவிடலாம். நம் எழுத்துக்குச் சுழி அதிகம். பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு ண-வின் மூன்று சுழியில் ஒன்று அடைபட்டால் ன ஆகிவிடும். மணம் மனம் ஆகிவிடும். ஆகவே டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலை 150 சதவீதம் வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் 175. பாடக் குறிப்பை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகவே வையுங்கள். சிவப்பு அடிக்கோட்டுக்கு மட்டும்.

ரெசல்யூஷன் 1920-க்கு 1080 வையுங்கள். டிவி ஃபோர்-கே, 3840-க்கு 2160, ஆனால் உங்கள் டிவிஐயால் அவ்வளவு அனுப்ப முடியாது. சாதாரண டிவிஐக்கு 60 ஹெர்ட்ஸில் 1920-க்கு 1200-தான் எல்லை. இதில் நஷ்டம் எதுவும் இல்லை. 1920-ஐ இரண்டால் பெருக்கினால் சரியாக 3840. ஒரு கட்டம் நாலு கட்டமாக விரியும், பிசிறு வராது. 1366-க்கு 768-ல் விட்டால்தான் கணக்கு ஒட்டாமல் எழுத்து குழையும். உங்கள் பழைய மானிட்டர் அந்த அளவாக இருந்து, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி நீங்கள் டூப்ளிகேட் போட்டு வைத்திருந்தால், டிவியையும் அது கீழே இழுத்துவிடும்.

அதனால் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நாலு தேர்வு வரும். எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்கள். டிவிக்கு டிவிஐ போய்விட்டதால் விஜிஏ காலியாகிவிட்டது, பழைய மானிட்டரை அதில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். டிவியில் பாடம், உங்கள் மேஜையில் விடைத்தாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் நடத்தலாம். பீஸ் கணக்கு எழுதுகிற எக்செல் தப்பித் தவறி டிவியில் விரியாது.

இனி, போட்டோவில் நான் பார்த்த இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் மனசில் இதுதான் பெரிசு. சிபியுவின் பவர் கேபிள் போய்ச் சேரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக் இரண்டே பின். மூன்றாவது, அந்தத் தடித்த எர்த் பின், இல்லை.

பல வருஷம் முன்பு சயானில் ஒரு வீட்டில் இதே வேலைக்குப் போனேன். பழைய கட்டடம், மழைக்காலம், தரையெல்லாம் ஈரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்து, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்குக் கொண்டுபோனேன். முனை போர்ட்டைத் தொடுகிற இடத்தில் ஊசி முனையளவு நீலமாக ஒரு பொறி. விரலில் சுருக்கென்றது. டிவி ஓடியது, ஆனால் அந்த எச்டிஎம்ஐ போர்ட் அன்றோடு செத்துப்போனது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து சிபியுவின் பின்பக்க ஸ்குருவில் வைத்தேன். நியான் மங்கலாக எரிந்தது. டிவி போர்ட்டின் இரும்பு விளிம்பில் வைத்தேன், எரியவில்லை.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டருக்குக் கரண்டு தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், பெட்டியின் மேலேயே நிற்கும். மிகக் குறைந்த கரண்டு, அதனால் சுருக்கென்பதோடு போகும். ஆனால் டிவிக்குப் பின்னால் கேபிள்காரர் இழுத்த ஒயர் இருக்கிறதே, அதன் மேலுறை வழியில் எங்கெங்கோ இரும்பையும் சுவரையும் தொட்டு வருகிறது. ஒரு பக்கம் மிதக்கிற வோல்ட், மறுபக்கம் பூமி. நடுவில் எச்டிஎம்ஐயின் நூலிழைக் கம்பிகள். ஐந்து வோல்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டவை அவை.

ஆகவே கேபிள் மாட்டும் முன் இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து உருவுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள் டிவி ஒயரையும் கழற்றுங்கள். எச்டிஎம்ஐயை மாட்டுங்கள். அப்புறம் பிளக், கடைசியாகக் கேபிள் டிவி ஒயர். இது இன்றைக்கு. இந்த மாதத்துக்குள் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு அந்தப் பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் இழுக்கச் சொல்லுங்கள். மூன்று பின் சாக்கெட் இருந்தாலே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல கோலிகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிட்டு "ஆயிடுச்சு" என்பவரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு ஃபேஸும் பெட்டிக்கு வந்து நிற்கும், பன்னிரண்டு பிள்ளைகள் உட்காருகிற அறை அது.

உங்கள் பிள்ளைகளின் வீட்டில் வேறு மாதிரி கம்ப்யூட்டர் இருக்கலாம், அவர்களும் கேட்பார்கள். எச்டிஎம்ஐ இருக்கிற லேப்டாப் என்றால் நேரே மாட்டிவிட்டுச் சத்தப் பட்டியலில் டிவியைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. டிவியை அணைத்தால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்து, போட்டால் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற டெஸ்க்டாப்பில் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு "படமே வரலை" என்று தவிப்பவர்கள் ஏராளம். கார்டில்தான் சொருக வேண்டும், அது சிபியுவின் கீழ்ப்பாதியில் குறுக்காகக் கிடக்கும். டிஸ்ப்ளேபோர்ட் என்று எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு போர்ட் இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐக்குக் கேபிள் உண்டு, சத்தமும் வரும். ஆனால் அது ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் ஓடாது. டைப்-சி போர்ட் எல்லாமே படம் தரும் என்று நம்பி வாங்காதீர்கள். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பாருங்கள்.

டிவியின் யுஎஸ்பி துளையையும் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையையும் கேபிளால் இணைத்தால் ஆகாதா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். ஆகாது. டிவியின் யுஎஸ்பி பென் டிரைவ் போன்றவற்றுக்குத்தான், கம்ப்யூட்டரின் படத்தை வாங்காது. சொல்லப்போனால், வகுப்பில் ரெக்கார்ட் செய்த வீடியோ மட்டும் காட்டுவதென்றால் பென் டிரைவே போதும், கம்ப்யூட்டரைப் போடவே வேண்டாம். ஒயர் இல்லாமல் வைஃபையில் அனுப்பும் வழி வேலை செய்யும்தான், ஆனால் உங்கள் பக்கம் ஒரு சுவருக்கு ஒரு ரூட்டர் இருக்கிறது. நெரிசலில் படம் திணறும். வகுப்புக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கேபிள் வாங்கும்போது அறையை அளந்துகொண்டு போங்கள், சுவரோரமாக வளைத்துப் போக வேண்டும், பிள்ளைகள் காலில் மாட்டக் கூடாது. 5 மீட்டர் வரை 1920-க்கு 1080 படத்துக்கு எந்தச் சுமாரான கேபிளும் ஓடும். தங்க முலாம் என்று இரண்டு மடங்கு விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கட்டை மாதிரி அடாப்டர் வேண்டாம், அதன் கனம் தொங்கித் தொங்கி டிவியின் போர்ட் ஆடிப்போகும். இரு முனையும் சேர்ந்த கேபிளாகக் கேளுங்கள்: "டிவிஐ-டி டு எச்டிஎம்ஐ". கையில் போட்டோவைக் காட்டுங்கள். மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கிக் கிழக்குப் பக்கம் நடந்தால் லாமிங்டன் ரோடு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடைக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.